அப்பாவுக்குத் தெரியாத குட்டி

பெற்றோருக்காக டொக்டரிடமும் வங்கியிலும் வீட்டு ஏஜென்டிடமும் கதைத்துக் கதைத்தே வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது என் வயதுதான் இருக்கும். சம்பளம், வாடகை, முதல் நரைமுடி எல்லாம் வந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாத விஷயங்களைப் பெரியவர்கள் மற்ற வீடுகளில் அறைக்குள் போய்ப் பேசுவார்கள். எங்கள் வீடுகளில் அவை எங்கள் வாய் வழியாகத்தான் போய்வந்தன. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா நாலாம் வகுப்பில் இருந்தபோது ஊர் இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த வகுப்பிலும் இருக்கவில்லை. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். பத்து வயதில் இன்னும் பெருமையாக இருந்தேன். வாசலில் ஆங்கிலம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் வகுப்பில் கவனமாக இருந்தேன்.

அந்த வசந்த காலத்தில் அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். அவனுக்கு முன் இரண்டு தங்கிக் கலைந்திருந்தன. ஒன்று ஆறாம் மாதத்தில் போனது. அந்த ஆறாம் மாதத்தைத் தாண்டிய பிறகுதான் வீட்டில் பிள்ளை பற்றி வாய்விட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். அம்மா பெரும்பாலும் படுத்தே இருந்தார். டொக்டர் அப்படிச் சொல்லியிருந்தார், நான்தான் மொழிபெயர்த்தேன்.

அப்பாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கணவன் முடி வெட்டக் கூடாது, மரம் தறிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பிணத்தைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. போன இரண்டு முறையும் அவர் இதையெல்லாம் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று ஊரிலிருந்து யாரோ தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு அவருக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. இந்த முறை தாடி நெஞ்சு வரை வளர்ந்தது. குளியலறைச் சிலந்தியைக்கூடக் கடுதாசியில் ஏந்திக்கொண்டுபோய் வேலியில் விட்டார்.

ஆனால் அவருக்கு வேலை கோழித் தொழிற்சாலையில். மாலையில் வரும்போது அவருடைய உடுப்பில் குளிர்ந்த கொழுப்பும் குளோரினும் சேர்ந்த ஒரு மணம் இருக்கும். எத்தனை முறை தோய்த்தாலும் போகாது. ஒருநாள் அம்மா அதைப் பற்றி மெதுவாகக் கேட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார்.

"அது செத்துத்தானே என்ர மேசைக்கு வருது. நான் வெட்டி அடுக்கிறன். அவ்வளவுதான்."

அப்பாவின் மனம் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு பதில் போதும். அப்போது எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

நாங்கள் இருந்தது ஏவன்டேல் என்ற புறநகரில், ரயில் பாதைக்குப் பின்னால், பழைய பலகை வீடு ஒன்றில். ரயில் போகும்போது குசினியில் கரண்டிகள் சிணுங்கும். சுவரெல்லாம் ஈரம். குளிர்காலம் முழுக்க யன்னல் விளிம்பில் கறுப்புப் பூஞ்சணம் படரும். அம்மா வினாகிரி போட்டுத் துடைப்பார், அது மறுபடி வரும். போன வருடம் அந்தப் பக்கம் போனேன். வீடு இல்லை. அந்த நிலத்தில் சாம்பல் நிறத்தில் டவுன்ஹவுஸ்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. எங்கள் எலுமிச்சை நின்ற இடத்தில் குப்பைத் தொட்டிகள்.

அந்த வீட்டுக் கூரைக்குள் ஒரு பொசம் வந்து குடியேறியது. இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பொசத்தை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னால், பெரிய பூனை அளவு, புசுபுசுவென்ற வால், இருட்டுக்கென்றே செய்த பெரிய கண்கள், வயிற்றில் பை. பகல் முழுக்கத் தூங்கும். பொழுது சாய்ந்ததும் ஒரு தடித்த மனிதர் செருப்போடு நடப்பதுபோல எங்கள் தலைக்கு மேல் நடக்கும். பிறகு கூரை விளிம்பில் மழைத்தண்ணி ஓடும் பீலி வழியாக எலுமிச்சை மரத்துக்கு இறங்கும். தொண்டையில் சளி அடைத்த கிழவர் போலக் கர்ரென்று காறும். அம்மா குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைக் கன்றை வசந்தம் வந்துவிட்டதென்று வெளியே வைத்தார். மறுநாள் காலை குச்சி மட்டும் நின்றது. அம்மா படுக்கும் அறைச் சீலிங்கில் தேயிலைச் சாயம் போல ஒரு கறை தோன்றி, கிழமைக்குக் கிழமை அகலித்தது. மல்லாந்து படுத்திருந்த அம்மாவுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. இப்போது கழுதை போல இருக்குது, இப்போது ஊர்ப்பக்கத்துக் கிளாலிக் கடல் போல இருக்குது என்று சொல்லுவார்.

பள்ளிக்கூடத்தில் அதே கிழமைகளில் நாங்கள் பொசம் படித்துக்கொண்டிருந்தோம். வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த மிருகம், இந்த நாட்டின் மரத்தையும் பறவை முட்டையையும் தின்று அழிக்கிறது, ஆகவே ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று டீச்சர் சொன்னார். அன்பான டீச்சர். குரலை உயர்த்தத் தெரியாதவர். பள்ளிக்குப் பின்னாலிருந்த ஓடைக்கரையில் எங்கள் வகுப்பின் பெயரில் ஒரு பொறி வைத்திருந்தார்கள். அதில் முதல் பொசம் விழுந்த அன்று வகுப்பு முழுக்கக் கைதட்டியது. வெள்ளிக்கிழமை பிட்சா வாங்கித் தந்தார்கள். நானும் கைதட்டினேன். வெளியே இருந்து வந்தவை எல்லாம் போக வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெடியன் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னான். டீச்சர் அவனை மென்மையாக, மிருகங்களை மட்டும்தான் சொல்கிறோம் என்று திருத்தினார்.

நான் வரைந்த படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. கண் மூடிக் கிடக்கும் பொசம், மேலே சிவப்புப் பெருக்கல் குறி. வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அப்பா வேலையால் வந்து பார்த்துவிட்டுக் கழற்றினார். பிள்ளைத்தாய்ச்சி தண்ணி குடிக்க வரும் இடத்தில் செத்த பிராணியின் படம் இருக்கக் கூடாதாம். பரிசு வாங்கிய படம் என்று சொல்லி அழுதேன். அவர் அதைக் கிழிக்கவில்லை. மடித்து எங்கேயோ வைத்தார். பிறகு நான் அதைக் காணவேயில்லை.

வீட்டு ஏஜென்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். வியாழக்கிழமை வீட்டைப் பார்வையிடும் இன்ஸ்பெக்ஷன். போன தடவை சீலிங் கறையைக் குறித்துக்கொண்டு போயிருந்தார். வியாழனுக்குள் பொசம் போகாவிட்டால் தானே ஆள் அனுப்பிக் கூரைக்குள் நஞ்சு வைக்கப்போவதாகச் சொன்னார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். நஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா அம்மாவின் வயிற்றைப் பார்த்தார்.

முதலில் அவர் ஒரு கூண்டுப் பொறி வாங்கி, உயிரோடு பிடித்து, மவுண்ட் ஆல்பர்ட் மலையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தார். அதற்குத் தடை போட்டவள் நான். பிடித்த பொசத்தை மறுபடி உயிரோடு விடுவது இந்த நாட்டில் சட்டவிரோதம், பிடித்தால் கொல்ல வேண்டும் என்று வகுப்பில் படித்ததைச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. பக்கத்து வீட்டு அங்கிளிடம் கேட்டார். அவர் தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டரில் வேலை, எதையும் தேடிப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டார்.

"பாப்பா சொல்றது கரெக்ட்தான் அண்ணா," என்றார். "புடிச்சா விட முடியாது."

அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நாடு தம்பி," என்றார். "கொல்லாட்டிச் சட்டம் பிடிக்கும். கொன்டா எனக்குப் பிள்ளை தங்காது."

அங்கிள் அன்று மாலையே ஒரு வழி கண்டுபிடித்தார். அமெரிக்காவில் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ரக்கூன்களைத் துன்புறுத்தாமல் வெளியேற்றும் வீடியோ. ரக்கூன் என்றால் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி போட்ட, கிட்டத்தட்ட இதே அளவு மிருகம். பொறியும் இல்லை, நஞ்சும் இல்லை. அது இரை தேடி வெளியே போகும்வரை காத்திருந்து, போனதும் ஓட்டையைக் கம்பி வலையால் அடைத்துவிடுவது. அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அங்கிளின் மடிக்கணினியை எங்கள் குசினி மேசையில் வைத்துப் பார்த்தோம். நான் ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். உள்ளே குட்டி இருக்கிறதா என்று முதலில் ஏறிப் பார், இருந்தால் அவை வளரும் வரை சில கிழமை பொறு என்று அந்த ஆள் சொன்னதையும் சொன்னேன்.

"சில கிழமையோ?" என்றார் அப்பா. "வியாழன் வருதே."

அங்கிள் சிரித்தார். "அது ரக்கூனுக்குண்ணா. நம்மளுது பை வச்ச மிருகம். குட்டி இருந்தாலும் அம்மா வயித்துப் பையில கூடவே போயிடும். ஃபர்ஸ்ட் க்ளாஸ் டிசைன்."

எல்லாருக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. வசந்தத்தின் நடுப்பகுதிக்குள் குட்டி பையை விட்டு வெளியே வந்துவிடும், தாய் அதைக் கூட்டில் படுக்க வைத்துவிட்டுத் தனியாக இரைக்குப் போகத் தொடங்கும் என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் டீச்சருக்கு அது தெரிந்திருக்கும். அழிக்க வேண்டிய மிருகத்தின் குட்டி வளர்ப்பைப் பற்றி வகுப்பில் எடுக்கவில்லை.

மறுநாள் பொழுது சாய முதல் அப்பாவும் அங்கிளும் புல்லில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். அம்மா யன்னலருகே, போர்வையோடு. மழை விட்டிருந்தது. கூரைத் தகரம் டிக் டிக்கென்று காய்ந்துகொண்டிருந்தது. பொசம் வெளியே வந்தது. பீலி விளிம்பில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது, பிறகு எலுமிச்சைக்குள் இறங்கிப் போனது. அப்பா ஏணியில் ஏறினார். ஆணி அடிக்கக் கூடாதென்பதால் அங்கிளிடம் துளைபோடும் இயந்திரம் இரவல் வாங்கித் திருகாணி போட்டார். திருகாணிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லைதானே என்றார். இரட்டைக் கம்பி வலை, அதற்கு மேல் ஒரு பலகைச் சட்டம். இறங்கியதும் அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு நிம்மதியாக அவர் முகத்தை அதற்கு முன்னோ பின்னோ நான் பார்த்ததில்லை. அம்மா எழுந்து ரவை கேசரி கிண்டினார்.

காலையில் அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார். "கேள்," என்றார், விரலை மேலே காட்டி.

நகத்தால் பலகையைக் கீறுவதுபோல மெல்லிய சத்தம். பிறகு ஒரு குரல். ஷக் ஷக் ஷக் என்று, யாரோ நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் கூப்பிடுவதுபோல. நிற்கும். மறுபடி வரும். கறைக்கு மேலிருந்து ஓட்டைப் பக்கம் போகும், திரும்பிக் கறைக்கு வரும். நான் பள்ளிக்குப் போய் வந்தபோதும் அது அப்படியேதான் இருந்தது. அம்மா மதியச் சோறு சாப்பிடவில்லை.

அப்பா சப்பாத்தைக் கழற்ற முன்னமே அம்மா சொன்னார். "இஞ்சேருங்கோ, மேலை ஒரு குட்டி கிடக்கு."

"காத்து," என்றார் அப்பா.

"காத்து தாயைத் தேடுமே?"

அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். கோயில் ஐயரிடம் கேட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். குட்டி என்ற சொல்லை அவர் ஐயரிடம் சொல்லவேயில்லை. ஒரு ஓட்டையை அடைச்சனான், உள்ளை ஏதும் பூச்சி புழு இருந்திருந்தால் தோஷமோ என்றுதான் கேட்டார். ஐயர் சொன்னதைத் திரும்பிவந்து அம்மாவிடம் ஒப்பித்தார். தெரிந்து செய்தால்தான் தோஷம். தெரியாமல் நடந்ததற்குத் தோஷமில்லை. ஒரு அர்ச்சனை போதும்.

அன்றிலிருந்து அப்பா தெரியாமல் இருக்கத் தொடங்கினார்.

அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் முழு மூச்சாக அந்த வேலையைச் செய்தார். வீட்டுக்குள் வந்ததும் தமிழ் வானொலியைப் போடுவார், சத்தம் கூட்டுவார். வானொலியில் பாட்டு முடிந்து அறிவிப்பாளர் மூச்சு விடும் இடைவெளியில் மேலே குரல் வந்தால் இருமுவார். தெருவோரம் யாரோ எறிந்ததை எடுத்துவந்த சிவப்பு வாக்யூம் கிளீனர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த களைப்போடு அறையறையாக இழுத்துக்கொண்டு திரிந்தார். படுக்கையை முன்னறைக்கு மாற்றினார். அம்மா வர மறுத்துவிட்டார். கறைக்குக் கீழேயே படுத்திருந்தார்.

அம்மா சொல்ல வாயெடுத்தால் அவர் கையைக் காட்டுவார். "எனக்குச் சொல்லாதை."

"காது இருக்குதானே உங்களுக்கு."

"இருக்கு. நீ சொல்லாதை. வாயாலை சொன்னால்தான் எனக்குத் தெரிஞ்சதாப் போகும். உன்ர வயித்துக்காகத்தான் சொல்லுறன்."

"வலையைக் கழட்டினால் என்ன?"

"கழட்டினால் அது திரும்ப வரும். வியாழன் ஏஜென்ட்காரி வந்து பாப்பாள். நஞ்சு வைப்பாங்கள். எல்லாம் உன்ர தலைக்கு மேலை சாகும். அது நல்லமோ?"

இதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

பொழுது சாய்ந்தால் தாய் வரும். எலுமிச்சை மரத்திலிருந்து பீலிக்குத் தாவும் சத்தம், பிறகு வலையைப் பற்றி இழுக்கும் சத்தம். திருகாணி நன்றாகப் பிடித்திருந்தது. அப்பா எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வார். உள்ளேயிருந்து ஷக் ஷக் என்று குரல் ஓட்டைப் பக்கம் ஓடும். வெளியே இருப்பது காறும். ஒரு விரல் தடிப்புக் கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் இரண்டும் இருந்திருக்க வேண்டும். மூக்கு மூக்கோடு முட்டியிருக்கலாம். பால் கொடுக்க வழியில்லை. முன்னறையில் வானொலி யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும். அம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொள்வார், உள்ளே இருப்பவனுக்குக் கேட்கக் கூடாதென்பதுபோல.

பள்ளியில் டீச்சரிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பறவைகளை நினைத்துக்கொள் என்றார். ஒரு பொசம் குறைந்தது என்று வகுப்புப் பட்டியலில் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

வியாழன் மதியம் ஏஜென்ட் வந்தார். மொழிபெயர்க்க என்னைப் பள்ளிக்கு விடாமல் மறித்திருந்தார்கள். வெள்ளைக் காலுறைக் கால்களால் பூனைபோல வீட்டைச் சுற்றினார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வருபவர். அதற்காக அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். அப்பா அரைநாள் லீவு எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, தாடியை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். காலையிலிருந்தே மேலே குரல் மெலிந்து விட்டிருந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒன்று, பிறகு ஒன்று. அப்பா வாக்யூம் கிளீனரைக் கையோடு வைத்திருந்தார்.

ஏஜென்ட் அறைக்குள் வந்து கறையைப் பார்த்தார். ஈரமில்லை என்று திருப்தியாகத் தலையாட்டினார். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று வழமைபோல என்னிடம் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"சொல்லு பிள்ளை. இங்கிலீஷிலை சொல்லு. இன்னும் உயிர் இருக்கு எண்டு சொல்லு. திறந்துவிடச் சொல்லச் சொல்லு. அவ சொன்னால் இவர் கேப்பார்."

அப்பா வாக்யூம் கிளீனரை அமுக்கினார். ஏஜென்ட் சிரித்துக்கொண்டு கையைக் காட்ட, நிறுத்த வேண்டியதாயிற்று.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த மிக நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழையும் விடாமல், தாய் வெளியே இருக்கிறது, குட்டி உள்ளே இருக்கிறது, இன்னும் சாகவில்லை, தயவுசெய்து திறக்க அனுமதி தாருங்கள் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய விஷயத்தை நான் என் மொழித் திறமையால் சரிசெய்யப் போகிறேன் என்று நம்பினேன்.

ஏஜென்ட் தலையைச் சாய்த்து மேலே ஒருமுறை கேட்டார். முகத்தில் ஒரு மென்மை வந்தது. அது எனக்கானது. திறக்க வேண்டாம் கண்ணே, வார இறுதிக்குள் முடிந்துவிடும், நஞ்சு வைக்கும் செலவும் மிச்சம், இப்படி ஒன்றிரண்டு குறைந்தால் நல்லதுதான் என்றார். பிறகு அப்பாவிடம் போய்த் தோளில் தட்டி, அருமையான வேலை செய்திருக்கிறீர்கள் என்றார். அப்பா ஒன்றும் விளங்காமல் சிரித்தார். நன்றி, நன்றி என்றார். ஏஜென்ட் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"என்னவாம் பிள்ளை?" என்று அப்பாவும் கேட்டார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கேட்டதை மாற்றாமல் சொல்வதுதான் என் வேலை. அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"உள்ளை கிடக்கிற குட்டி வார இறுதிக்குள்ளை செத்துப்போமாம். திறக்க வேண்டாமாம். அப்பா நல்லாக் கொன்டிருக்கிறாராம்."

அப்பாவின் சிரிப்பு உடனே போகவில்லை. அது முகத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றது. பிறகு அவர் என்னிடம் ஒரு எட்டு வைத்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. குரல்தான் உடைந்தது.

"ஏன் எனக்குச் சொன்னனீ? நான் உனக்கு என்ன குறை வச்சனான்? ஏன் எனக்குச் சொன்னனீ?"

அம்மா இதற்குள் பின்கதவால் வெளியே போயிருந்தார். நாங்கள் ஓடிப் போனபோது ஏணியைச் சுவரில் சாத்தி, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இரண்டாம் படியில் நின்றார். அப்பா ஏணியைக் கட்டிப் பிடித்தார். இழுக்கவும் முடியாது, கத்தவும் முடியாது. "இறங்கு. நான் கழட்டுறன். உன்னைக் கும்பிடுறன், இறங்கு." அம்மா மூன்றாம் படிக்கும் ஏறிய பிறகுதான், அவர் திருப்புளியை எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்.

அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றும்போது, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுதுதானே, இனிப் பரவாயில்லை என்று தனக்குத்தானே சொன்னார். அந்த ஒரு வசனத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கீழே நின்ற அம்மாவுக்கு அது கேட்டது.

மேலே குரல் இல்லை.

பொழுது சாய்ந்ததும் தாய் வந்தது. தடுப்பு இல்லாததைக் கண்டு கொஞ்சம் தயங்கியது. உள்ளே போனது. எங்கள் தலைக்கு மேல் அந்தப் பாரமான நடை கறை வரை வந்து நின்றது. அம்மாவும் நானும் கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னறையில் அன்று வானொலி இல்லை. நடை மறுபடி கேட்கும் முன் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அது தனியாகத்தான் இறங்கிப் போனதென்று அம்மா காலையில் சொன்னார். பிறகு அந்த வீட்டுக்குப் பொசம் வரவில்லை. அங்கிள் சொன்ன முறை பலித்துவிட்டது.

மணம் வரத் தொடங்கியதும் அங்கிள்தான் கூரைக்குள் ஏறினார். பிணத்தை அப்பா தொடக் கூடாதே. கையுறை, முகமூடி, ஒரு சூப்பர்மார்க்கெட் பை. இறங்கும்போது அவருடைய முகம் வெளிறியிருந்தது. அம்மா பார்க்க வேண்டும் என்றார், அப்பா கூடாதென்றார், அங்கிள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ரொம்பச் சின்னதுண்ணா," என்றார். "நகமே இல்ல. தேஞ்சு போச்சு."

அதற்குப் பிறகு தம்பி பிறக்கும் வரை அப்பா ஒரு பயத்தோடுதான் வாழ்ந்தார். ஸ்கான் எடுக்கும் அறையில் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு கிழமையும் அர்ச்சனை. என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். அம்மாவோடு அவர் நிறையக் கதைத்தார், கெஞ்சுவதுபோல. அம்மா சோறு போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், பதில் மட்டும் கொடுக்கவில்லை. அப்பா வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை முழுசாகப் பிறக்க வேண்டும். பிறந்துவிட்டால், கூரைக்குள் நடந்தது நடக்காததாகிவிடும்.

தம்பி முழுசாகப் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல், பத்து விரல், பத்து நகம். அம்மா நகங்களைத்தான் முதலில் பார்த்தார். ஆஸ்பத்திரி அறையில் வெயில் நிறைய விழுந்திருந்தது. அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்தார். நிமிர்ந்தார். ஒரு வழக்கை வென்றவர் போல அவருடைய தோள்கள் அகன்றன.

"பாத்தியா," என்றார். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

அம்மா குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்தார்.

"ஓம்," என்றார். "உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை."

அப்பா அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினார். அம்மா அவரைப் பார்க்காமல், சாதாரணமான குரலில் என்னிடம், தாதியைக் கூப்பிட்டு வரச் சொன்னார். தாதி வந்ததும், இன்னும் சாதாரணமான குரலில் தமிழில் என்னிடம் சொன்னார்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு, இவரை வீட்டை போகச் சொல்லச் சொல்லு. நான் கூப்பிடும் வரைக்கும் உள்ளை விட வேண்டாம் எண்டும் சொல்லு. நான் சொன்னதெண்டு இவருக்குத் தெரிய வேண்டாம்."

அப்பாவுக்கு முன்னாலேயே இதைச் சொன்னார். அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் அந்தக் கணத்தில் குழந்தை கொட்டாவி விட்டது, அப்பா அதில் மூழ்கிப்போயிருந்தார். அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நான் தாதியிடம் சொன்னேன். தயவுசெய்து என்பதையும் சேர்த்துக்கொண்டேன். தாதி அம்மாவின் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார், அப்பாவின் முழங்கையை மெல்லப் பிடித்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை. சிரித்த முகத்தோடு அவரைக் கதவு வரை கூட்டிப்போய், தாழ்வாரத்தில் விட்டு, கதவைச் சாத்தினார். அம்மாவுக்கு மொழிபெயர்க்க நான் உள்ளேயே தங்கினேன். நாங்கள் வீடு திரும்பும் வரை அவரை மறுபடி உள்ளே விடவில்லை. அவர் தினமும் வேலை முடிந்து பூவோடும் சாப்பாட்டோடும் வந்து தாழ்வாரத்துக் கதிரையில் இருந்துவிட்டுப் போனாராம்.

அது ஆஸ்பத்திரிச் சட்டம் என்றுதான் அப்பா இன்றைக்கும் நம்புகிறார். வருகிறவர்களிடம், இந்த நாட்டில் சட்டமென்றால் சட்டம், பெத்த தகப்பனையே விடமாட்டாங்கள் என்று சொல்லிச் சிரிப்பார். நான் எதிரே இருந்து தேத்தண்ணி குடிப்பேன். அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் அவருக்குச் சொன்னதில்லை.